எலும்பு வார்டின் மூன்று வீரர்கள்

திருத்தணியில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் ஆண்கள் எலும்பு வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். தபிதாள் சிஸ்டர் பதின்மூன்று வருஷமாக அதற்குப் பொறுப்பு. அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்குப் போனாள். கல்யாணத்துக்கு மூன்று தடவை பேச்சு வந்தது, மூன்று தடவையும் டியூட்டி நேரம் ஒத்துவராமல் பேச்சோடு நின்றது. நாற்பத்தொன்பது வயதில் அவளிடம் இருந்தவை குவார்ட்டர்ஸில் ஓர் அறை, உறுதியான முதுகு, சொத்தைப் பற்கள். எதைப் பற்றியும் அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை.

எலும்பு ஒட்டுவது ஆண்டவர் வேலை, அது வரைக்கும் ஆளைப் படுக்க வைப்பது தன் வேலை என்பது அவள் கணக்கு. இரண்டாவதுதான் கஷ்டம். தொடை எலும்பு முறிந்தவன் பன்னிரண்டு வாரம் மல்லாந்து கிடக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைக் குறுக்கே செலுத்தி, அதில் கயிறு கட்டி, கப்பி வழியாக இரும்பு எடையைத் தொங்கவிடுவார்கள். எடை காலைக் கீழே இழுக்கும். ஆளும் சேர்ந்து வழுக்கிப் போகாமல் இருக்க, கட்டிலின் கால்மாட்டைக் கனமான இரண்டு மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைப்பார்கள். உடம்பின் பாரம் தலைப்பக்கம் இழுக்கும், எடை கால்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சரியாக இருந்தால்தான் முறிந்த முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேராக ஒட்டும். ஏறினால் கால் குட்டை.

ஐந்தாறு வாரத்தில் வலி போய்விடும். வலி போனதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்படிப் போன ஒருவன் ஒரு வருஷம் கழித்து, ஒரு செருப்பின் அடியில் மட்டும் இரண்டு அங்குல ரப்பர் ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் முகம் தபிதாளுக்கு மறந்துபோயிற்று. செருப்பு மறக்கவில்லை.

1984ஆம் வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்பு ராஜவேலு வந்தான். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் டிரைவர், முப்பத்திரண்டு வயது. பஸ் கூரைமேல் புடவை மூட்டைகளைக் கட்டுவதற்குக் கிளீனர் வராததால் தானே ஏறி, தானே விழுந்தான். இடது தொடை. கிளட்ச் அமுக்குகிற கால்.

“எத்தினி நாளு சிஸ்டர்?” என்றான் முதல் நாளே.

“பன்னெண்டு வாரம்.”

“ஆங்? நான் ஒரு எடத்துல பன்னெண்டு நிமிஷம் நின்னதில்லீங்க.”

“நிக்க வேணாம்பா. படுத்தா போதும்.”

அவன் படுத்தான், ஆனால் அடங்கவில்லை. இரண்டாவது வாரமே இடுப்பைத் திருப்பினான், பக்கத்துக் கட்டில்காரரிடம் சண்டை போட்டான், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினான். இந்த ஆள் ஆறாவது வாரத்தில் கயிற்றை அவிழ்ப்பான் என்று தபிதாள் முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வார்டுக்கு வந்தது. ஒரு வருஷம் அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் குடும்பம் ஊருக்குப் போகும்போது, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை நோயாளிகளுக்கென்று விட்டுப் போயிருந்தது. கேரம் பலகையைப் பெண்கள் வார்டு எடுத்துக்கொண்டது. எலும்பு வார்டுக்கு மிஞ்சியது ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு ஆங்கிலப் புத்தகமும் ஆறு பகடைக் காய்களும். நாலு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒன்றுக்கு இருபது முகம்.

அந்தப் புத்தகங்களைப் படிக்கக்கூடிய ஆள் வார்டில் ஒருவர்தான் இருந்தார். பரந்தாமன், ரிடையரான ரயில்வே கார்டு. அரக்கோணம் பிளாட்பாரத்தில் வழுக்கிக் கணுக்கால் நொறுங்கி, ராஜவேலுவுக்கு இடப்பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். முப்பத்தைந்து வருஷம் ஆங்கில விதிப்புத்தகம் படித்தே பழகிய மனிதருக்கு மூன்று நாளில் அந்த இரண்டும் மனப்பாடம்.

“இது கதை மாதிரி ஆட்டம்,” என்று விளக்கினார். “குகை, கோட்டை, அரக்கன் எல்லாம் நான் சொல்லுவேன். நீங்க ஆளுக்கு ஒரு ஆளா மாறி உள்ள போவணும். என்ன செய்யுறேன்னு நீங்க சொல்லணும். பலிக்குமா பலிக்காதான்னு காய் சொல்லும்.”

“மந்திரவாதி ஆவலாமா கார்டு சார்?” என்று கேட்டான் மணவாளன். அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரன், காலில் மாவுக்கட்டு, வலப்பக்கத்துக் கட்டில்.

“ஆவலாம். ஆனா அவனுக்கு உயிரு ரெண்டே புள்ளி. எலி கடிச்சா பூடுவே.”

மந்திரவாதி வேண்டாம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. போர்வீரன்தான். ஆனால் எப்படிப்பட்ட போர்வீரன்?

இதில்தான் வாதம் கிளம்பியது. பலம், தாங்கும் சக்தி, சுறுசுறுப்பு ஒவ்வொன்றுக்கும் ஆறு முகக் காயை மூன்று தடவை உருட்டிக் கூட்ட வேண்டும். ராஜவேலுவுக்குப் பலம் பதினேழு வந்தது. கேடயம் வேண்டாமென்று, ஆட்டத்தில் ஆளுக்குக் கிடைத்த காசுக்கு இரண்டு கையாலும் பிடிக்கிற பெரிய வாளை வாங்கினான். ஆளுக்குப் பெயர் புயல். மணவாளனுக்குச் சுறுசுறுப்பு பதினாறு. வில் வாங்கினான், பெயர் ஊசி.

“தூரத்துல நின்னு ஊசி குத்துறவன் வீரனா?” என்று சிரித்தான் ராஜவேலு.

“கிட்ட போயி குத்து வாங்கினு வர்றவன் மட்டும் வீரனா டிரைவரே? நான் அடிச்சா பத்துல எட்டு படும். நீ அடிச்சா பத்துல அஞ்சு.”

“அஞ்சும் ஆளை ரெண்டாப் பொளக்கும்பா.”

“அதுக்குள்ள உன்னை நாலாப் பொளந்துடுவான்.”

பரந்தாமன் டெம்பரேச்சர் சார்ட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பெரிய வாள் ஒரு சுற்றுக்குச் சராசரி இத்தனை அடி, வில் இத்தனை, பெரிய வாள்காரன் வாங்குவது இத்தனை. கேடயம் இல்லாதவன் அடிப்பதும் அதிகம், வாங்குவதும் அதிகம். குகை நீண்டதென்றால் புயல் பாதியில் சாவான், அரக்கன் ஒருவன்தான் என்றால் புயல்தான் ஜெயிப்பான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மூவரும் சாப்பாடு ஆறும் வரை பேசினார்கள்.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஆட்டம். ராஜவேலுவின் கட்டில்தான் நடுவில் என்பதால் அதன் இரண்டு ஓரக் கம்பிகள்மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டார்கள். கட்டம் போட்ட டெம்பரேச்சர் சார்ட்டில் பரந்தாமன் குகையின் வரைபடம் போட்டார். ஊசிமருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகள் வீரர்கள்.

தபிதாள் தடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ராஜவேலு திரும்பவில்லை, தட்டைத் தள்ளவில்லை, தூக்க மாத்திரை கேட்கவில்லை. கயிற்றுக்குக் காவல் காய் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்தில் புயலும் ஊசியும் சாகக் கிடந்தார்கள். மணவாளன் கூப்பிட்டான்.

“சிஸ்டர், எங்களுக்கு ஒரு வைத்தியர் வேணுங்க. நீங்க வாங்க.”

“ஏழு மணியிலேர்ந்து அதைத்தான் பண்ணினு இருக்கேன். டீ குடிக்கிற நேரத்துலயும் அதே வேலையா? எனக்கும் வீரன்தான் வேணும்.”

அவள் காய் உருட்டினாள். பலம் ஒன்பது, தாங்கும் சக்தி பதினெட்டு. மிகப் பெரிய கேடயமும் முழு இரும்புக் கவசமும் வாங்கினாள். மீதியில் ஒரு சின்னக் கத்தி.

ராஜவேலு அதைப் பார்த்தான். “இவரு யாரையும் வெட்ட மாட்டாரா சிஸ்டர்?”

“எப்பவாச்சும்.”

“அப்ப எதுக்கு வர்றாரு?”

“வழி குறுகலா இருக்கிற எடத்துல முன்னாடி நிப்பாரு. அடி அவர்மேல விழும். பின்னாடி இருக்கிறவன் மேல விழாது. அவருக்கு அதுதான் வேலை.”

“அது வீரன் இல்லீங்க, கதவு!”

பெயர் நிலைத்துவிட்டது. கதவு ஆள் முன்னால் நிற்க, ஊசி பின்னாலிருந்து எய்ய, புயல் பக்கவாட்டில் பாய, நாலே நாளில் முதல் குகை முடிந்தது. அதிகம் கொன்றது புயல். ஒருவரும் சாகாதது கதவால் என்று பரந்தாமன் சொன்னார். ராஜவேலு ஒத்துக்கொள்ளவில்லை.

தபிதாளுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு குறை. பத்து உயிர் உள்ளவனுக்கு ஒன்பது போனாலும், மிச்சம் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு முழுப் பலத்தோடு வாள் வீசுகிறான்.

“இது எப்படிங்க கார்டு சார்? இவ்வளவு ரத்தம் போனவனுக்கு நாடி நூத்தி முப்பதுல இருக்கும். தண்ணி டம்ளரே தூக்க முடியாது.”

“புத்தகத்துல அப்படித்தான் இருக்குதுங்க. இல்லாத விதிய நான் சேத்தா, ரயில்வேயில அதுக்குப் பேரு ஆக்சிடெண்டு.”

“எழுதினவரு வார்டுல வேலை பாத்திருக்க மாட்டாரு.”

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பரந்தாமன் துணை விதி ஒன்று எழுதினார். பாதி உயிர் போனால் அடியும் பாதி. அந்த ஒரு வரியில் பழைய கணக்கெல்லாம் கவிழ்ந்தது. கவசம் இல்லாத புயல் இரண்டாவது சுற்றிலேயே பாதி ஆளாகிவிட்டான். கதவு கடைசி வரை முழு ஆளாக நின்றது.

“சிஸ்டர் வந்து என் ஆளை நொண்டியாக்கிட்டாங்க,” என்றான் ராஜவேலு.

வார்டே சிரித்தது. தபிதாளும் சிரித்தாள்.

இருபத்தெட்டாவது நாள், மத்தியானம் மூன்று மணி. ஊசிக்காக மணவாளன் இருபது முகக் காயை உருட்டினான். அது பலகையின் நடுவில் போய்த் தடுமாறி நின்றது.

“பதினெட்டு!” என்று கத்தினான்.

தபிதாள் எண்ணைப் பார்க்கவில்லை, காயைப் பார்த்தாள். ஆட்டம் தொடங்கிய புதிதில் காய்கள் நின்றதே இல்லை. கட்டில் தலைப்பக்கம் சரிந்திருப்பதால் பலகையும் சரிந்து, எல்லாம் ராஜவேலுவின் மார்பில் போய் விழும், அவன் திட்டுவான். அவன் திட்டிப் பல நாளாயிற்று. அவள் ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒரு தடவையும் திட்டியதில்லை.

எழுந்து கால்மாட்டுக்குப் போனாள். தரை வரை தொங்கிக்கொண்டிருந்த போர்வையைத் தூக்கினாள். மரக்கட்டைகள் இல்லை. கட்டில் சமமாக நின்றது. ராஜவேலுவின் உடம்பு கீழே வழுக்கி வந்திருந்தது. இரும்பு எடை தரையில் உட்கார்ந்திருந்தது. கயிறு தளர்ந்து தொங்கியது.

“முனியா,” என்றாள். வார்டு அட்டெண்டர் வந்தான். “கட்டை எங்க?”

முனியன் மணவாளனைப் பார்த்தான். மணவாளன் கூரையைப் பார்த்தான்.

“பீரோ பின்னாலங்க. நாலு மணிக்கு வெச்சுடுவேன் சிஸ்டர். நெதம் வெச்சுடறேன்.”

“எத்தினி நாளா?”

“ஒம்போது நாளுங்க.”

“நான்தான் சொன்னேன்,” என்றான் ராஜவேலு. “காய் எல்லாம் மாருமேல வந்து உழுந்துகினே இருந்துது. ரெண்டு மணி நேரந்தானேன்னு… அப்புறம் நானே மேல தொங்குற புடியைப் புடிச்சு ஏறிக்கிறேன் சிஸ்டர்.”

அவள் கத்தவில்லை. முனியனோடு சேர்ந்து கால்மாட்டைத் தூக்கிக் கட்டைகளை வைத்தாள். எடை தரையை விட்டு எழும்பியது. பிறகு டேப் எடுத்து, இடுப்பெலும்பின் முனையிலிருந்து கணுக்காலின் உள்முட்டி வரை இரண்டு காலையும் அளந்தாள். மறுபடி அளந்தாள். இடது கால் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குறைவு. பதினைந்து நாள் முன்பு இரண்டும் சமம்.

“என்ன சிஸ்டர்?”

“குறைஞ்சிருக்குது.”

அவன் இடது பாதத்தைப் பார்த்தான். “கிளட்ச்?”

“டாக்டர் வரட்டும்.”

டாக்டர் ஜெபதுரை வந்து எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். எலும்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. “யாரு பாத்துக்கிட்டது மத்தியானம்?” என்று கேட்டார்.

“நான்தான் டாக்டர். எட்டு நாளா இதே கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஆடிட்டிருந்தேன். போர்வையைத் தூக்கிப் பாக்கல.”

டாக்டருக்கு அவளைத் திட்டிப் பழக்கமில்லை. படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஒட்டு இன்னும் இளசு. ரெண்டு கிலோ கூட்டுங்க. இழுக்க முடிஞ்ச வரைக்கும் இழுப்போம். ஒரு சென்டிமீட்டருக்குள்ள வந்தா அவன் பஸ் ஓட்டலாம். வரலைன்னா ஃபிட்னஸ் கையெழுத்து என்னால போட முடியாது. ஒரு வாரம் கூடுதலாப் படுக்கணும்.”

சேதி தெரிந்து மறுநாள் காலை ராஜவேலுவின் மனைவி வள்ளிநாயகியும் அவள் தம்பி பாலுவும் வேன் கொண்டு வந்துவிட்டார்கள்.

“பாவா, கெளம்பு,” என்றான் பாலு, அக்கா புருஷனிடம். “ஆந்திரா பக்கம் கட்டுப் போடுறவரு இருக்காரு, ஆயிரம் பேரு கால் நிமிந்திருக்குது. ஆஸ்பத்திரியில படுத்தே கால் குட்டையாச்சுன்னா இங்க எதுக்குக் கெடக்கணும்?”

ராஜவேலு தலைக்கு மேல் தொங்கிய பிடியைப் பற்றி உட்காரப் பார்த்தான். “கம்பியக் கழட்டுங்க சிஸ்டர்.”

தபிதாள் கம்பியைத் தொடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு வள்ளிநாயகியிடம், “உக்காரும்மா,” என்றாள்.

“கட்டுப் போடுறவங்களை நான் குறை சொல்லல. மணிக்கட்டுன்னா நானே அனுப்புவேன். தொடை வேற. சதை பெருசு, எலும்பை மேல இழுத்துகினே இருக்கும். எதிர்ல ஒண்ணு ராப்பகலா இழுக்கணும். ஒம்போது நாளு அது இழுக்கல. கட்டையை எடுத்தவன் முனியன், எடுக்கச் சொன்னது உன் வீட்டுக்காரரு, பாக்காம இருந்தது நான். இப்ப வேன்ல ஏத்தினா அந்த ஒண்ணே முக்காலு அப்படியே நிக்கும், கூடினாலும் கூடும். இங்க இருந்தா குறைக்கலாம். எவ்வளவு குறையும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“குறையுதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் வள்ளிநாயகி.

அது நியாயமான கேள்வி. தபிதாள் டேப்பை எடுத்து ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள். இடுப்பெலும்பு முனை எங்கே, கணுக்கால் முட்டி எங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். வள்ளிநாயகி தானே இரண்டு காலையும் அளந்து, தானே எண்ணைப் படித்தாள்.

“தினம் காலையில நீயே வந்து அள. ஒரு வாரத்துல ஒண்ணும் குறையலைன்னா வேனை நானே கூப்பிடுறேன்.”

பாலு ஏதோ சொல்ல வாயெடுத்தான். “நீ சும்மா இரு,” என்றாள் அக்கா. “ஒரு வாரந்தானே.” வேன் காலியாகத் திரும்பியது.

ஆட்டத்தை நிறுத்துவார்கள் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். பரந்தாமன் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியே வைத்துவிட்டார். அதைத் தபிதாள்தான் அவிழ்த்தாள். ஆட்டம் இல்லாத ராஜவேலுவை ஒரு வாரம் படுக்க வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் அறையிலிருந்து விளிம்பு உயர்ந்த எனாமல் டிரே ஒன்றைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தாள். கட்டில் எப்படிச் சரிந்தாலும் காய் டிரேக்குள்ளேயே சுற்றியது. ஒன்பது நாள் யாருக்கும் தோன்றாத யோசனை அது. அந்தக் கோபத்தை அவள் தன்னோடே வைத்துக்கொண்டாள். கட்டிலின் போர்வையை மட்டும் அன்று முதல் இரண்டு பக்கமும் மடித்துச் செருகச் சொன்னாள்.

முதல் மூன்று நாள் டேப்பில் ஒரு மாற்றமும் இல்லை. வள்ளிநாயகி எண்ணைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாள். நாலாம் நாள் ஒன்றரை. ஏழாம் நாள் ஒன்றேகால். அவள் வேனைப் பற்றிக் கேட்கவில்லை.

எடை கூடியதில் வலி கூடியது. ராஜவேலு பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். ஆனால் ஆட்டத்தில் அவன் மாறவில்லை. இரண்டாவது குகையில் கதவு ஆள் வாசலை அடைத்து நிற்கும்போது, அவனைத் தாண்டிக் குதித்துப் போன புயல், மூன்று அரக்கர்கள் நடுவில் மாட்டிச் செத்தான். பரந்தாமன் விதிப்படி புயலின் கணக்கு எழுதியிருந்த தாளைக் கிழித்தார்.

“புது ஆளு எழுதுப்பா,” என்றான் மணவாளன். “இந்தத் தடவையாவது ஒரு கேடயம் வாங்கு டிரைவரே. புத்தி வரட்டும்.”

ராஜவேலு காய் உருட்டினான். யோசிக்காமல் மறுபடியும் பெரிய வாளையே வாங்கினான்.

“இவனுக்கு மண்டையிலயும் முறிவு இருக்குதுங்க சிஸ்டர்,” என்றார் பரந்தாமன்.

“நீங்க எல்லாம் நல்லா கணக்குப் போடுறீங்க,” என்றான் ராஜவேலு. “நான் இருபத்திநாலு மணி நேரமும் கதவாத்தான் கெடக்குறேன். இந்த ரெண்டு மணி நேரமாவது ஓடுறேனே. செத்தா சாவட்டும்.”

அதன்பின் தபிதாள் அவனிடம் கேடயத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஆள் பாய்கிற பக்கமாகத் தன் ஆளை ஒரு கட்டம் நகர்த்தி வைக்கப் பழகிக்கொண்டாள். அதனால் இரண்டாவது புயல் கொஞ்சம் கூடுதல் நாள் பிழைத்தான்.

பரந்தாமன் எட்டாவது வாரமும் மணவாளன் பத்தாவது வாரமும் வீட்டுக்குப் போனார்கள். புத்தகம் வார்டிலேயே இருந்தது. படிக்க ஆள் இல்லாமல் ஆட்டம் நின்றது. கடைசி ஐந்து வாரம் ராஜவேலு சும்மாதான் படுத்திருந்தான். முணுமுணுத்தான், திரும்பவில்லை.

பதின்மூன்றாவது வாரம் படம் எடுத்தார்கள். ஒட்டு கெட்டியாகியிருந்தது. டாக்டர் ஜெபதுரை கம்பியை உருவினார். வள்ளிநாயகி டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். தபிதாள் மறுமுனையைப் பிடித்தாள்.

“முக்கால்,” என்றாள் வள்ளிநாயகி. தபிதாள் குனிந்து பார்த்து, சரி என்றாள்.

ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டான். “முக்கால்னா ஓட்டலாமா?”

“அளவு போதும். பலம் வரணும். இப்போ உன் கால்ல பலம் இல்ல.”

உட்கார வைத்து, இடது பாதத்தை எடை பார்க்கிற மெஷின்மேல் வைத்து அமுக்கச் சொன்னாள். நாலு கிலோ காட்டியது. “கிளட்சுக்கு எத்தினி வேணும்?” என்று கேட்டாள். “அந்தப் பழைய வண்டிக்கு இருவது முப்பது இருக்கும் சிஸ்டர்,” என்றான். வாரத்தில் இரண்டு நாள் வந்து அமுக்கிவிட்டுப் போகச் சொன்னாள். ஊன்றுகோலோடு வந்தான், பிறகு தடியோடு, பிறகு வெறுமனே. தை பிறந்தபோது மெஷின் முப்பத்திநாலு காட்டியது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பங்குனியில் தபிதாளின் சித்தி மகளுக்கு ஆர்.கே.பேட்டையில் நிச்சயதார்த்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது டிரைவர் சீட்டில் ராஜவேலு.

“சிஸ்டர்! ஏறுங்க, முன்னாடி வந்து உக்காருங்க!” கண்டக்டரிடம் திரும்பி, “யோவ், அந்த எடத்தைக் காலி பண்ணு. இவங்கதான் என்னைப் பதிமூணு வாரம் கட்டிப் போட்டவங்க!” என்றான்.

“ரோட்டப் பாத்து ஓட்டு,” என்றாள் அவள்.

டிரைவருக்கு இடப்பக்கத்து ஒற்றை சீட் அது. அங்கிருந்து கிளட்ச் நன்றாகத் தெரியும். ராஜவேலு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். மணவாளன் ஒரு நாள் பஸ்ஸில் ஏறியதையும், ஏறியதும் கேட்ட முதல் கேள்வி புயல் உயிரோடு இருக்கிறானா என்பதையும் சொன்னான். அவள் ஆங், ஆங் என்றாள். அவள் கண் அவன் இடது காலை விட்டு எடுபடவில்லை. கால் எட்டாதவன் கிளட்ச் அமுக்கும்போது இடுப்பைத் தூக்கிச் சாய்வான், அதை மறைக்க முடியாது.

ஆர்.கே.பேட்டை வருவதற்குள் எழுபத்திரண்டு தடவை அமுக்கினான். ஒரு தடவையும் இடுப்பு எழும்பவில்லை.